இல்லாத கையின் வலி

முதலில் வலித்தவை நகங்கள். வலது கை இறுக மூடிக்கொண்டு, நான்கு விரல் நகங்களும் உள்ளங்கையைக் குத்தின. ஆனால் அந்தக் கை மணிக்கட்டோடு போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. வளைகுடாவில், புஜைரா துறைமுகத்தில் கயிறு இழுக்கும் இயந்திரம் அதை வாங்கிக்கொண்டது.

தைலம் தடவலாம் என்றால் தடவ இடம் இல்லை. நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் சிலர் நடிப்பு என்றார்கள். உங்களுக்கும் அப்படி யாராவது சொல்லியிருந்தால், நம்பாதீர்கள்.

நம்பியவர் ஆஸ்பத்திரியின் மயக்க மருத்துவர், யாழ்ப்பாணத்து அம்மா. "கை போயிட்டுது எண்டால் நோவும் போயிடுமோ தம்பி? நோவு உண்மைதான்" என்றார். இது மாய உறுப்பு வலி (இழந்த உறுப்பு இன்னும் இருப்பதாக மூளை எண்ணுவதால் வருவது). புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது கெட்டமின் (மயக்கத்துக்குத் தரும் மருந்து, மனத்தை உடம்பிலிருந்து விலக்கிக் காட்டும்) போட்ட நாள்களில் எனக்கு வலி குறைந்ததை அவர்தான் கவனித்தார். குறைந்த அளவில், தன் கண்ணெதிரே, மறுபடி கொடுத்துப் பார்க்க முடிவு செய்தார்.

"உடம்பு வேற, நீங்கள் வேற எண்டு தோணும். பயப்படாதேங்கோ, நான் பக்கத்திலதான் இருப்பன். வீட்டுக் குரல் ஏதும் கேட்டால் நல்லது."

வீட்டுக் குரல் கேசட்டில் இருந்தது. லீவில் போகிறவர் கையில் நாங்கள் பேசி அனுப்புவோம். அதே கேசட்டின் மறுபக்கத்தில் வீட்டார் பேசித் திருப்பி அனுப்புவார்கள். ரூம்காரன் முத்தையா டேப் ரிக்கார்டரோடு வந்தான்.

மருந்து ஏறியது. கழற்றிப் போட்ட சட்டையைப் போல உடம்பு கட்டிலில் கிடந்தது. மனைவியின் குரலுக்குக் காத்திருந்தேன். வேறு யாரோ ஒருவன் பேசினான்.

"சரசு, நான் நல்லா இருக்கேன். டூட்டி ஜாஸ்தி. லெட்டர் எழுத நேரமில்ல, அதான் பேசி அனுப்புறேன்."

முத்தையா பக்கம் மாற்றிப் போட்டுவிட்டான். அது விபத்து நடந்த வாரமே நான் பேசி அனுப்பியதுதான். எழுதக் கை இல்லை என்று சொல்லத் துணிவில்லாமல் சொன்ன பொய். ஆனால் அன்று அது யாரோ ஒருவனின் குரலாகவே கேட்டது. பாவம், எவ்வளவு பயந்திருக்கிறான் என்று அவனுக்காக அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே மூடிய கை ஒவ்வொரு விரலாகத் திறந்தது.

"மாத்திப் போட்டுட்டேன் மாப்ள, கோவிச்சுக்காத" என்றான் முத்தையா. அவனுக்கு நான் என்ன கைம்மாறு செய்வது!

"இது மந்திரமில்லை, திரும்பியும் வரும்" என்று மருத்துவர் எச்சரித்தார். வந்தது. மூன்று முறை கெட்டமின் ஏற்றிய பிறகு, வந்தாலும் தாங்குகிற அளவில் வந்தது. என் பக்கத்துக் கட்டில்காரருக்கு அதே மருந்து பயத்தைத் தவிர ஒன்றும் தரவில்லை. அதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பலித்ததற்கு அந்த அம்மாவின் பொறுமையும் ஒரு காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

அந்த வாரமே உண்மையைப் பேசி அனுப்பினேன். பதில் கேசட்டில் சரசு நெடுநேரம் அழுதாள், திட்டினாள். கடைசியில், "இடது கையால ஒரு வரி எழுதுங்க. கோணலா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள்.

ஒரு வரி எழுத ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் ஆனது. எனக்கு அவசரமில்லை. ஃபேன் காற்றில் தாள் படபடத்தது. வலது கை விரல்களை விரித்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தாள் பறந்து போனது. சிரித்துக்கொண்டே எடுத்து வந்து, மறுபடி எழுத உட்கார்ந்தேன்.