ரோமில் செருப்புக் காவல்

தீபாவளி முடிந்ததும் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிகளைச் சில வாரங்கள் பூட்டிவிடுவார்கள். அந்த இடைவெளியில் வடநாட்டு ஏஜெண்டுகளை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவது இரண்டாயிரங்களில் முதலாளிகளிடையே ஒரு வழக்கமாகியிருந்தது. என் சகலைக்கு விஸ்வநத்தத்தில் கம்பெனி. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் விருதுநகர் கலெக்டர் அலுவலகத்தில் உரிமப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அவர் கம்பெனியின் உரிமம் எந்த விதியின் எந்த உட்பிரிவில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கம்பெனி மட்டும் அவருடையது.

அந்த வருடம் ஏஜெண்டுகள் அத்தனை பேருக்கும் விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதற்காக என்னையும் சேர்த்துக்கொண்டார்.

ரோமுக்கு ஒரே பகல்தான். எனக்கு அங்கே வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான். பாந்தியன் என்கிற பழைய கோயிலுக்குள் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அதன் பெரிய குவிமாடத்தின் உச்சியில் மூடி இல்லாத ஒரு வட்டத் திறப்பு. வெயிலும் மழையும் நேராக உள்ளே இறங்கும். கல்லூரியில் வரலாறு படித்த காலத்திலிருந்து அது என் மனதில் இருந்தது. மற்றதையெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகக் காட்டியபோதும் அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

பாந்தியனுக்கு அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு, வழிகாட்டிப் பெண் மஞ்சள் கொடியை இறக்கினாள். வாசலில் பிரம்மாண்டமான வெண்கலக் கதவு திறந்திருந்தது. சகலை ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் பதித்து, பிறகுதான் உள்ளே கால் வைத்தார். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குப் போகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க வேண்டும். அந்தப் பழக்கம்.

ஏஜெண்டுகள் அதைப் பக்தி என்று நினைத்துவிட்டார்கள். அத்தனை பேரும் ஷூவைக் கழற்றி, வரிசையாகக் கதவைத் தொட்டார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதியும் தொட்டார்கள். ஒருவர் சகலையை ஃபோட்டோ எடுத்தார்.

"தம்பி, இங்க ஷூவோட போகலாம். கழட்டணும்னு விதியே கிடையாது" என்றேன்.

"அப்படியா? அப்ப நீங்க கழட்டலைல? நல்லதாப் போச்சு அண்ணாச்சி. இம்புட்டு ஷூவையும் செத்த பாத்துக்கிடுங்க. களவாணிப் பயலுக ஜாஸ்தின்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சுல்ல? அஞ்சே நிமிசம், வந்து உங்கள மாத்திவிடுதேன்."

விதி தெரிந்தவனுக்குக் காவல் வேலை. நின்ற இடத்திலிருந்து உள்ளே முதுகுகள் மட்டுமே தெரிந்தன. ஒவ்வொரு தலையாக அண்ணாந்தது. கடைசியில் சகலையின் தலையும், அவசரமே இல்லாமல்.

அவர்கள் வெளியே வரும்போது, நேரம் முடிந்தது என்று கொடி மேலே ஏறிவிட்டது.

"ஐயையோ, அண்ணாச்சி இன்னும் பாக்கலியே! ஓடுங்க, பாத்துட்டு வாங்க. வண்டி நிக்கும். நான் சொல்லிக்கிடுதேன்."

கையை ஆட்டி வழிகாட்டிப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். காலையிலிருந்து ஒருவருக்கும் ஒரு நிமிடம் கூடுதலாகத் தராதவள், சிரித்துக்கொண்டே கொடியை இறக்கினாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போயிருந்தால் அந்தத் திறப்பும் அவர் கொடுத்ததாக ஆகியிருக்கும்.

"வேண்டாம். நேரம்னா நேரம்தான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸை நோக்கி நடந்தேன்.

பஸ்ஸில் ஏஜெண்டுகள் அந்தக் கோயிலைப் பற்றிக் கேட்டார்கள். கட்டியது யார், சுவர் எத்தனை கனம், மழைத்தண்ணீர் எப்படி வடிகிறது என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினேன். கை தட்டினார்கள்.

"பாக்காமலே இம்புட்டுச் சொல்லுதாக. பாத்திருந்தா வண்டி இன்னைக்குக் கிளம்பியிருக்காது" என்றார் சகலை. தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் பக்கமாகச் சாய்ந்து மெல்லக் கேட்டேன்.

"வெளிச்சம் எங்க விழுந்துச்சு தம்பி?"

"செவுத்துல அண்ணாச்சி. ஒசரத்துல."

"எந்தப் பக்கம்?"

கண்ணை மூடி யோசித்தார். "வலப்பக்கம்னு நினைக்கேன்."

நினைக்கிறாராம்.