கோடு உயர்ந்த இடங்கள்

என் மகள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். எங்கள் நாலு பேருடைய ஒன்றேகால் மணி நேரப் பேச்சு அதில் ஒரு நீலக் கோடாக இருந்தது. பெரும்பாலும் தரையோடு தரையாக ஓடிய கோடு, மூன்று இடங்களில் மட்டும் செங்குத்தாக ஏறி இறங்கியது.

"இந்த மூணு இடத்துலயும் நீங்க எங்கயோ போயிட்டீகம்மா. இம்புட்டுத் தூரம் யாரும் தாவி நான் பாத்ததில்ல" என்றாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. உயரங்களுக்குக் கீழே அங்கங்கே பேசிய சொற்களையும் எழுதியிருந்தாள். அந்த மூன்று இடங்களும் என்னவென்று எனக்குத் தெரியும்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கணிதம் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். மகள் வெளியூரில் வடிவமைப்புத் துறையில் ஆராய்ச்சி செய்கிறாள். நாலு பேர் கூடி உட்கார்ந்து ஒரு பொருளையோ இடத்தையோ புதிதாக யோசிக்கும்போது அவர்கள் பேச்சு எப்படிப் போகிறது, எங்கே கிளை விடுகிறது, எங்கே ஒரு முடிவுக்கு வந்து குவிகிறது என்பதைக் கணினி கொண்டு அளப்பதுதான் அவளுடைய ஆய்வு. யோசனை முட்டி நிற்பவர்களுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்து உதவும் கருவியாக அதைப் பிற்பாடு ஆக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

எப்படி அளப்பாய் என்று கேட்டிருக்கிறேன். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து புழங்குகிறது என்பதை மலை மலையாக எழுத்தைப் படித்துப் பழகிய நிரல் ஒன்று இருக்கிறதாம். அது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் இடம் குறிக்கும். பொருளில் நெருங்கியவை பக்கத்தில் பக்கத்தில் அமரும். சம்பந்தம் இல்லாதவை தொலைவில் போய் அமரும். ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு தூரம் என்பதுதான் அந்தக் கோடு.

"அந்த இடத்துக்கு எத்தனை அச்சு?" என்றேன்.

"சில நூறு இருக்கும்."

நீளம், அகலம், உயரம் என்ற மூன்று அச்சுக்கு மேல் மனத்தில் படம் வரைய முடியாமல் கல்லூரியில் திணறியவள் நான். 'சாப்பிட்டீகளா' என்று நாங்கள் கேட்பதற்கும் சில நூறு அச்சுகள் கொண்ட ஒரு வெளியில் ஓர் இடம் உண்டு என்பதை நினைத்தபடி அன்று வெகுநேரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஆனால் அவளுக்கு நெருக்கடி. கல்லூரி மாணவர்களை வைத்து அவள் எடுத்த பதிவுகளில் பேச்சு எங்குமே நகரவில்லை. ஆய்வுக்குழு கூடுவதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் சரியான பதிவு கிடைக்காவிட்டால் தலைப்பையே மாற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். படிப்பை வேலையாகச் செய்யாத, கையால் வேலை செய்கிற ஆட்களின் பேச்சு வேண்டும் என்று வழிகாட்டி சொன்னதாக வந்து நின்றாள். கம்பெனிக்குள் செல்போனே கொண்டுபோகக் கூடாது. அதனால் விடுமுறை ஞாயிறு ஒன்றில் எங்கள் பேக்கிங் அறைப் பெண்கள் மூன்று பேரை வீட்டுக்கு அழைத்தேன். அவள் தரையில் பெரிய தாளை விரித்து, எங்கள் அறையை அளவாக வரைந்து, அட்டைப்பெட்டிகளுக்குப் பதிலாகத் தீப்பெட்டிக் கூடுகளை வைத்தாள். அறையை நீங்களே புதுசா அமைச்சுக்கலாம்னா எப்படி அமைப்பீக? அதுதான் கேள்வி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு, சீசன் உச்சத்தில், பக்கத்து அறையில் பொறி பறந்தது. நாங்கள் ஓடினோம். எங்கள் வாசல் ஒன்றில், லாரிக்காக அடுக்கிய பெட்டிகள் பாதி வழியை அடைத்திருந்தன. உள்மூலையில் உட்கார்ந்திருந்தவள் கடைசியாக வந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவளுடைய நாத்தனார் இன்றும் எங்கள் அறையில்தான் வேலை பார்க்கிறாள்.

அதிலிருந்து எங்கள் அறைக்கென்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பேச்சு அந்த வாசலுக்கு அருகில் போனால் உடனே ஒருத்தி வேறெதையாவது எடுப்பாள்; மற்றவர்கள் ஆவலாகப் பிடித்துக்கொள்வார்கள். நாத்தனார் அறையில் இருப்பதால் அப்படி. நான் இருப்பதாலும்தான். ஏனென்றால் பெட்டிகளை அங்கே அடுக்கச் சொன்னது நான். மகளுக்கு விபத்து தெரியும். நான் தப்பியது தெரியும். இது தெரியாது.

அந்த ஞாயிறும் அப்படித்தான் நடந்தது. மல்லாங்கிணற்றிலிருந்து வருகிறவள் வாயாடி. அவள் தீப்பெட்டிக் கூடு ஒன்றைக் கையில் எடுத்து, "இப்ப நெறஞ்ச பெட்டிய எங்கன வைக்கிறது?" என்று தாளின் வாசலுக்கு நேரே கொண்டுபோனாள். கை அப்படியே நின்றது.

உடனே எங்களில் மூத்தவர், "எங்க வீட்டுக் கோழி இருக்கே, அது தெனம் ஒரு எடத்துல முட்ட வைக்கும். நேத்து அம்மிக்குப் பின்னால வச்சிருக்கு" என்றார்.

"ஒங்க கோழி ஒங்கள மாதிரித்தானே இருக்கும் மதினி. ஒரு எடத்துல உக்காருறீகளா நீங்க?"

"ஏ புள்ள, ஒன் வாய வச்சே ஒரு லோடு ஏத்தலாம்!"

எல்லோரும் சிரித்தோம். நாத்தனாரும் சிரித்தாள். அடுத்த முறை பேச்சு வாசலை நெருங்கியபோது வாயாடியே மினிபஸ் கதையை எடுத்தாள். முன்வழியே ஏற்றிப் பின்வழியே இறக்கும் நடத்துநர் 'உள்ள போ, உள்ள போ' என்று கத்துவதை அப்படியே நடித்துக் காட்டினாள். மூன்றாவது முறை, பேச்சைத் தூக்கி எறிந்தது நான். ஆலங்குளம் சிமென்ட் ஆலைப் பக்கம் பார்த்த சுண்ணாம்புக் கல் வண்டிகளைப் பற்றி, எனக்கே சம்பந்தம் தெரியாமல், நாலு நிமிடம் பேசினேன்.

அந்த மூன்று இடங்களில்தான் கோடு எழுந்திருந்தது.

மகள் பத்து நாள் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்திருந்தாள். எங்கள் 'அங்கன', 'இருக்கீக' எதுவும் நிரலுக்குப் பிடிபடாததால் கையாலேயே திருத்தினாள். மழை மூட்டத்தால் கம்பெனி சீக்கிரம் விட்டு, நான் மதியமே வீடு வந்த நாளில்தான் அதைக் காட்டினாள். பெட்டியிலிருந்து கோழிக்கு, வாசலிலிருந்து பஸ்ஸுக்கு. "இதத்தாம்மா நான் தேடிக்கிட்டிருந்தேன். ஒரு பிரச்சினைக்கு ரொம்பத் தூரத்துல இருக்கற ஒண்ணக் கொண்டாந்து பக்கத்துல வைக்கிறது. படிச்ச வடிவமைப்பாளர்களே இதுக்குப் பயிற்சி எடுக்காங்க. ஒரு வழியா ஏறி இன்னொரு வழியா எறங்குற பஸ்ஸு, அறைக்கு எம்புட்டுப் பொருத்தமா இருக்கு பாரு!" வழிகாட்டிக்கும் அனுப்பிவிட்டிருந்தாள்.

நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிரலுக்கு எங்கள் ஊர் தெரியாது. இறந்தவளைத் தெரியாது. தீ சுடும் என்றுகூட அதற்குத் தெரியாது. இருந்தாலும் இரண்டு வருடமாக நாலு பெண்கள் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொள்ளாத இடங்களில், மூன்றிலும், அது விரல் வைத்திருந்தது. கோவிலில் திரை விலகும்போது வருமே ஒரு நடுக்கம், அந்த மாதிரி ஒன்று எனக்கு வந்தது. பயமும் இருந்தது. ஆனால் பயம் மட்டுமில்லை.

அவள் அதன் பொருளைத்தான் தவறாகப் படித்திருந்தாள்.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். சொன்னால் அவள் கண்டுபிடிப்பு போய்விடும்; அதோடு என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால், நாங்கள் வாய் பொத்தியதைப் பெரிய யோசனை என்று குழுவின் முன் நின்று என் பிள்ளை விளக்குவாள். அதில் ஒரு நாள் அவள் தோழி யாரிடமோ போனில், "அம்மா குரூப்தான் பெஸ்ட் குரூப்" என்று சொல்வது கேட்டது. மூன்றாம் நாள் காலையில், அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். வேறு நேரம் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "பெட்டிய அங்கன வைக்கச் சொன்னது நீயா?"

"லாரி ஆரன் அடிச்சிக்கிட்டே நின்னுச்சு. பத்து நிமிசம்தானேன்னு நெனச்சேன்."

அவள் அழவில்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை. கணினியைத் திறந்து, முதல் உயரத்துக்குப் போய், அந்த இடத்துப் பேச்சை ஓடவிட்டாள். கோழிக்கு முன்னால் ஒரு சிறு மௌனம் இருந்தது. அதை நான் அதுவரை கவனித்ததில்லை. "இது எழுத்துல வராதும்மா. நான் அடிக்கும்போது விட்டுட்டேன்" என்றாள். மற்ற இரண்டையும் கேட்டோம். இரண்டிலும் அது இருந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடி மூன்று பேரையும் அழைத்தேன். அதே தாள், அதே கூடுகள். பதிவு செய்யலாமா என்று மகள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். உட்கார்ந்ததும், "அன்னிக்கு வாசல்ல பெட்டிய அடுக்கச் சொன்னது நான்தான்" என்றேன். சொல்லிவிட்டு நாத்தனாரைப் பார்க்க முடியவில்லை. தாளைப் பார்த்தேன்.

மூத்தவர் வாயைத் திறந்தார். "எங்க வீட்டு..."

"கோழி இருக்கட்டும் மதினி" என்றாள் நாத்தனார். பிறகு என்னிடம், "தெரியும்க்கா. அடுக்குனதுல பாதி என் கைதானே. நீங்க சொல்லாட்டியும் அடுக்கிருப்பேன். எங்க அண்ணன்கிட்ட இத நான் சொன்னதில்ல" என்றாள்.

வாயாடி மூக்கைச் சிந்தினாள். நாத்தனார் ஒரு கூட்டை எடுத்து உள்மூலையில் வைத்து, "அவுக இங்கன இருந்தாக. இங்கன யாரும் இருக்கக் கூடாது. மொதல்ல அதத் தாள்ல போடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் ஒரே பேச்சு. வாசல், பெட்டி, கால், வாசல். வேறு எங்கும் போகவில்லை. உள்மூலை இருக்கையை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஏதாவது ஒரு வாசல் கைக்கெட்டும்படி, அதைப் பார்த்தபடி உட்கார்வது. நிறைந்த பெட்டி ஒன்றுகூட அறைக்குள் தங்காமல், மேற்குச் சுவருக்கு வெளியே நிழல் போட்ட மேடைக்குப் போவது. அதைக் கொண்டுபோவது எப்போதும் வாசலை ஒட்டி இருப்பவள். லாரிக்காரன் கத்தினால் மேடையோடு கத்திக்கொள்ளட்டும் என்றாள் வாயாடி. கூடுகளை நகர்த்தி நகர்த்தி, ஒருவர் கால் ஒருவர் வழியில் படாமல் வருகிறதா என்று விரலால் நடந்து பார்த்தோம். மூத்தவரின் விரல் மெதுவாக வந்தது. "எனக்கு முட்டு வலி இருக்குல்ல, அதையும் சேத்துப் பாக்கணும்" என்றார். அவரை வாசலோரம் மாற்றினோம்.

மகள் அந்தப் பதிவையும் நிரலில் போட்டாள். கோடு தரையை விட்டு எழவே இல்லை. உப்பளம் போலத் தட்டையாகக் கிடந்தது. "இதுல புதுசா ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்லுதும்மா" என்றாள். சொல்லிவிட்டு நாங்கள் அமைத்த தாளைப் பார்த்தாள். திரும்பவும் கோட்டைப் பார்த்தாள். அந்த இரண்டு ஞாயிறுகளில் எதில் யோசனை நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கோழிதான் எங்களை இந்த ஞாயிறு வரை கொண்டுவந்தது. நிரல் காட்டியிருக்காவிட்டால் நான் இன்னும் சுண்ணாம்புக் கல் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன்.

மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு மேடை கட்டச் சம்மதித்தார். மகள் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தான் முதலில் செய்த தவறோடு சேர்த்துக் குழுவின் முன் வைத்தாள். காரணத்தை வெளியே சொல்லலாம் என்று நாத்தனார் அனுமதி கொடுத்திருந்தாள். அவளே, "ஊர் பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

அன்று மத்தியானம் போன் வந்தது. கம்பெனி வாசலில், காவல்காரரிடம் கொடுத்துவைத்திருந்த என் போனை வாங்கிக்கொண்டு நின்று பேசினேன்.

"தலைப்ப மாத்தச் சொல்லலம்மா. ஆனா முடிக்க விடல. இன்னும் ஒரு வருசம். கோடு எழும்புற ஒவ்வொரு எடத்துக்கும் பேசின ஆளுகிட்டப் போயி உக்காந்து, இங்கன ஏன் பேச்சு மாறுச்சுன்னு கேக்கச் சொல்லிருக்காக. பழைய பதிவு எல்லாத்துக்கும்."

ஒரு வருடம் என்றதும் அவள் வயது, கல்யாணம் முடிந்த அவள் தோழிகள், அவள் அப்பாவிடம் என்ன சொல்வது என்று மனத்தில் வரிசையாக ஓடியது. "அழுதியா?" என்றேன்.

"அழலாம்னுதான் இருந்தேன். நேரமில்ல" என்றாள். "மொத ஆளு நீதான். அந்தக் கல்லு வண்டிக்கு முன்னால மனசுல என்ன ஓடுச்சு? சனிக்கெழம வர்றேன். யோசிச்சு வை."

யோசிக்க என்ன இருக்கிறது. "இப்பவே சொல்றேன், எழுதிக்க" என்றேன். காவல்காரர் தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.