மூன்று விரல் தூரத்து லென்ஸ்

எங்கள் வீட்டு பீரோவில் சேலைகளுக்கு நடுவே ஒரு காற்றுப் புகாத டப்பா இருக்கிறது. அதற்குள் இரண்டு லென்ஸ்கள். ஒன்று குட்டையானது, மலிவானது, யாரோ வைத்திருந்து விற்றதை நாங்கள் வாங்கியது. அதன் ரப்பர் வளையம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. மற்றது நீளமானது, விலை கூடியது, இன்னும் புதுக்கருக்கு மாறாதது. சாரல் காலத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து உள்ளே போட்டிருக்கிறேன். ஒரு படம்கூட எடுக்கத் தெரியாத எனக்கு இந்த அக்கறையெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஆனாலும் அவ்வப்போது திறந்து துடைத்து வைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண், கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள், என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, பூ, பூச்சியெல்லாம் கிட்டத்துல எடுக்கதுக்கு ஒரு லென்ஸ் வாங்கணும். ரொம்ப விலை போடவும் முடியாது. அங்கிள் எதை வச்சு எடுத்தாவ?" தனியாக எடுக்கப் போகிறாய் என்றால் காசு சேர்த்து நீளமானதை வாங்கு, கூட இன்னொரு ஆள் இருந்தால் குட்டையே போதும் என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

என் கணவர் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். கல்யாணமான நாள் முதல் அவர் பனியிலும் மணலிலும் கிடந்தார். நான் ராஜபாளையத்தில் பிள்ளையை வளர்த்துக்கொண்டு, தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை விடுப்பில் வருவார். விருந்தாளிக்குச் சமைப்பது மாதிரி சமைப்பேன். அது தீர்வதற்குள் திரும்பிப் போகிற நாள் வந்துவிடும். பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் ஒரு மில்லில் காவல் வேலை, ஷிப்ட் ஷிப்டாக. நானும் ஓய்வுபெற்று, அவரும் மில் வேலையை விட்டு, இரண்டு பேரும் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எங்களுக்கு ஒருவரோடு ஒருவர் பேசத் தெரியவில்லை என்று. மகன் துபாயில். காபி கொடுத்தால் 'ம்' என்பார். கரண்டு பில் கட்டியாச்சா என்று கேட்பார். அதற்குப் பிறகு இருவரும் டி.வி.யைப் பார்ப்போம். தெருவில் எல்லோரும், "இனிமே ஒனக்கென்ன, அவியதான் வீட்டோட வந்துட்டாவளே" என்றார்கள். வீட்டோடு வந்துவிட்ட மனிதரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கூட ஆள் இருந்தும் தனியாக இருப்பது, ஆள் இல்லாமல் தனியாக இருப்பதைவிட மோசம்.

மகன் ஒருமுறை ஊருக்கு வந்தபோது தன் பழைய கேமராவை விட்டுவிட்டுப் போனான். எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, கொஞ்சம் நந்தியாவட்டை, மதில் ஓரம் யாரும் வைக்காமல் வளர்ந்த எருக்கு. அதைத்தான் தோட்டம் என்று சொல்லிக்கொள்வோம். ஒரு காலையில் பார்த்தால் மனிதர் எருக்கஞ்செடிக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கிடக்கிறார். மயங்கி விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். ஓடிப் போனால், கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! வந்த கோபத்தில், "ஏங்க, அந்த எறும்பப் பாக்குத பார்வையில கால்வாசி என்னையப் பாத்திருந்தா நம்ம வீட்ல இன்னும் நாலு பிள்ளைய இருந்திருக்கும்" என்றேன். அவர் திரும்பவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கேமராவோடு வந்த லென்ஸில் எறும்பு ஒரு புள்ளியாகத்தான் விழுந்தது. அதையே ஒரு வளையம் போட்டு முன்பின்னாகத் திருப்பி மாட்டிப் பார்த்தார். எறும்பு பெரிதாக வந்தது, ஆனால் ஒரே இருட்டு. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் செருகும் குழாய் வளையங்களை வரவழைத்தார். கழற்றி மாட்டுவதற்குள் பூச்சி பறந்துவிடும். உருப்படியாக ஒரு லென்ஸ்தான் வாங்க வேண்டும் என்று முடிவானதும் பல நாள் போனில் வீடியோ பார்த்தார். கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு ஸ்டூடியோவில் பழைய லென்ஸ்கள் விலைக்கு இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, "நீயும் வாரியா?" என்று கேட்டார். அம்புட்டு வருஷம் நான் தனியாகப் போய்வந்த அதே ரூட் பஸ்ஸில் அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

ஸ்டூடியோக்காரர் கல்யாண ஆல்பம் போடுகிறவர். தாலி, மோதிரம், மருதாணிக் கை என்று கிட்டத்தில் எடுக்க வைத்திருந்த இரண்டு லென்ஸ்களைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். "சார், நீளமானதுல ஒரு சாண் எட்ட இருந்தே எடுக்கலாம். பூச்சி மெரளாது. குட்டையில எடுக்கணும்னா மூணு விரல் தூரத்துக்குப் போகணும், லென்ஸோட நெழலே பூச்சி மேல விழும். ஆனா படம் ரெண்டுலயும் ஒண்ணுபோலத்தான் வரும், கண்ணாடியில கொறை கெடையாது" என்றார். நீளமானதன் விலையைக் கேட்டதும் என் கணவர் அதைப் பதமாக மேஜைமேல் திரும்ப வைத்துவிட்டார். "நெழலுக்கு என்ன செய்ய?" என்று கேட்டார். "பக்கத்துல யாராச்சும் ஒரு வெள்ளை அட்டையப் பிடிச்சா போதும் சார், வெளிச்சம் உள்ள வந்துரும்." என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் என்ன ஒங்களுக்கு எடுபிடியா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் குட்டையானதையே வாங்கினார்.

அடுத்த நாள் விடிந்ததும் தோட்டத்திலிருந்து குரல். "ஏட்டி, செத்த வா." மிக்ஸி வந்த பெட்டியில் இருந்த தெர்மாகோலை ஒரு கையில் கொடுத்து, எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று காட்டினார். ஆடி மாதம் அது. மலையிலிருந்து இறங்கும் காற்றில் செடி ஒரு நிமிஷம் நிற்காது. மற்றக் கையால் நான் தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறாத வேளையில்தான் பூச்சிகள் பனி ஈரத்தோடு மந்தமாக உட்கார்ந்திருக்குமாம். அதனால் காபிகூடக் குடிக்காமல், குனிந்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். கை கடுக்கும். இடுப்பு விட்டுப்போகும். வாய் சும்மா இருக்குமா? முனகிக்கொண்டேதான் நிற்பேன். என் முனகலுக்கு எருக்கம்பூச்சி பறந்துவிடும் என்பார்.

பூச்சி தோதாகத் திரும்புகிற வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அவர் பேச ஆரம்பித்தார். கண் கேமராவில் இருக்கும், முகம் எனக்குத் தெரியாது, குரல் மட்டும் வரும். எல்லையில் ஒரு பனிக்காலத்தில் கூட இருந்தவன் தூங்கினபடியே செத்துக் கிடந்ததை அப்படித்தான் சொன்னார். மகன் பிறந்த செய்தி வந்த அன்றைக்கு, யாரும் பார்க்காத இடம் தேடிப்போய் அழுததைச் சொன்னார். "விடுப்புல வரும்போதெல்லாம் ஒன்ட்ட பேசணும்னு நெனைச்சுட்டு வருவேன். வாசல்ல ஒன்னையப் பாத்ததும் என்னமோ வாய் கட்டிரும்" என்றார் ஒரு நாள், ஒரு குளவியைப் பார்த்துக்கொண்டே. நான் தெர்மாகோலை அசைக்காமல் நின்றேன். அசைந்தால் படம் கெட்டுப்போகும் என்று அல்ல, அவர் நிறுத்திவிடுவாரோ என்று. முகம் பார்த்துப் பேச வராத மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கட்டிக்கொண்டு, அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், நாங்கள் குடும்பம் நடத்தியது அந்தக் காலைகளில்தான்.

இரண்டு வருஷம் போல அப்படிப் போனது. எனக்கு ஓய்வூதிய அரியர் வந்தது. பாவம், ஆசைப்பட்டுத் தொட்டுவிட்டுத் திரும்ப வைத்தாரே என்று அந்த நீளமான லென்ஸ் என் நினைவிலேயே இருந்தது. அவருக்குத் தெரியாமல் ஸ்டூடியோக்காரருக்குப் போன் செய்தேன். "பழசு போயிருச்சு மேடம், புதுசு வரவழைச்சுத் தாரேன்" என்றவர், சொன்னபடியே வரவழைத்து ஒரு பிளாஷையும் சேர்த்துக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கோயிலுக்குப் போய்வந்து அவர் கையில் வைத்தேன். பெட்டியைத் திறந்தவர் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இனிமே ஒனக்குத் தொந்தரவு இல்ல" என்றார். நானா வாயை மூடிக்கொண்டிருப்பேன்? "அப்பாடா, எம் இடுப்பு பொழைச்சுது" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர் தனியாகவே எடுத்தார். எட்ட நின்றே எடுக்கலாம், நிழல் விழாது. பிளாஷ் போட்டால் காற்றில் ஆடுகிற பூவும் அசையாமல் பதிந்துவிடும். தெர்மாகோலும் வேண்டாம், தண்டைப் பிடிக்கவும் வேண்டாம். ஒரு நாள் நானாகவே போய், "நான் எதையாச்சும் பிடிக்கணுமா?" என்று கேட்டேன். "வேண்டாம் பிள்ள, நீ போய் உக்காரு, கால் வலிக்கும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் கஷ்டம். வைதிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். படங்கள் முன்னைவிட அழகாக வந்தன. தும்பியின் கண்ணில் இருக்கும் கட்டங்கள்கூடத் தெரிந்தன. காபி கொடுத்தால் 'ம்' என்றார். அந்த லென்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானே காசு கொடுத்து வாங்கிய சக்களத்தியை யாரிடம் போய்க் குறை சொல்ல? அவருக்கு இதுதான் நிம்மதி போல, இத்தனை நாள் என் முனகலைச் சகித்துக்கொண்டிருந்தார் போல என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மகன் வந்து அடக்கம் செய்தான். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு மத்தியானம், அப்பாவின் கேமராப் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீளமான லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தபடியே, "ஏம்மா, இது வந்ததுக்குப் பொறவு அப்பா எங்கிட்ட போன்ல ஒண்ணு சொன்னாவ. ஒங்கிட்ட சொன்னாவளா?" என்று கேட்டான். என்ன என்றேன்.

"லென்ஸு அருமையாத்தான் இருக்குலே, ஆனா ஒங்கம்மையைத் தோட்டத்துக்குக் கூப்பிடதுக்கு இப்ப ஒரு சாக்கும் இல்லாமப் போச்சு. அவளும் பாவம், இடுப்பு பொழைச்சுதுன்னு சொல்லுதா. பொறவு எப்படிக் கூப்பிட? அப்படின்னாவ."

மகன் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு லென்ஸைப் பையில் வைத்தான். நான் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டேன். அட பாவி மனுஷா, பெண்டாட்டியைக் கூப்பிட ஒரு சாக்கு வேண்டுமா? அந்த வருஷம் முழுக்க, நீங்கள் தோட்டத்தில் இருந்த ஒவ்வொரு காலையும், நான் அடுக்களை ஜன்னல் பக்கத்தில் ஒரு வேலையும் இல்லாமல், கூப்பிடுவீர்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே.