பத்தொன்பதாம் எண்ணில் வந்த செல்வின்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை, நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன கம்பெனி, போனில் ஆடுகிற கேரம் எங்களுடையது, சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன் சர்வரோடு இணையும்போது முதலில் ஓர் எண்ணைச் சொல்லும், புரோட்டோகால் எண் என்போம், இந்த முறையில்தான் நான் பேசுவேன் என்று அர்த்தம். சர்வரின் எண்ணும் அதுவும் ஒன்றானால் உள்ளே விடும், இல்லாவிட்டால் ‘பழையது, புதுப்பிக்கவும்’ என்று துண்டித்துவிடும்.

இந்த புரோகிராமை எழுதியவன் செல்வின், கோலார் தங்கவயல்காரன், எனக்குப் பக்கத்து நாற்காலி. பத்தொன்பது என்ற எண்ணை நாங்கள் வெளியே விடவே இல்லை, சோதனைக்காக அவன் போனில் மட்டும் இருந்தது. ஓசூர் ரோட்டில் பைக் விபத்தில் அவன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஒரு மத்தியானம் லாக், அதாவது யார் யார் இணைய வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவு, பார்த்துக்கொண்டிருக்கிறேன், எண் பத்தொன்பது, பெயர் செல்வின். சர்வர் திருப்பி அனுப்பியிருந்தது. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும். டீம் லீட் மஞ்சுநாத்திடம் காட்டினேன்.

“யார்கிட்டயாவது அந்த போன் இருக்கும், விடு குரு” என்றான்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சனிக்கிழமை விவேக் நகரில் செல்வினின் மனைவி மெடில்டா வீட்டுக்குப் போனேன். போனைப் பற்றிக் கேட்டதும் பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தாள். கண்ணாடி நொறுங்கி, பேட்டரி உப்பிப் பின்மூடி திறந்து கிடந்தது.

“அன்னைக்கு ரோட்ல கெடந்ததுண்ணா, அப்புறம் ஆன் ஆகவே இல்ல. எதுக்குக் கேக்குறீங்க?”

“ஆபீஸ்ல ஒரு பழைய புரோகிராம் தேடுறாங்கம்மா” என்று பொய் சொன்னேன். அவள் காபி போட உள்ளே போனாள், என் போனில் லாக் திறந்தே இருந்தது, அப்போது வந்தது: பத்தொன்பது, செல்வின். அவன் போன் என் மடியில் ஜில்லென்று கிடக்கிறது.

நம்பினால் நம்புங்கள், பயம் வரவில்லை, பாவமாக இருந்தது, தினமும் வந்து திரும்பிப் போகிறானே என்று.

திங்கட்கிழமை அடுத்த பதிப்புக்காக எண்ணை நாற்பத்தேழு என்று மாற்றினேன், என் கணினியில் ஓடும் சோதனை சர்வரிலும் என் போனிலும் மட்டும், வேறு யாருக்கும் தரவில்லை. மத்தியானம் அந்த சர்வரின் லாக்கில் ஒரு வரி விழுந்தது: எண் நாற்பத்தேழு, பெயர் செல்வின். சர்வர் உள்ளே விட்டுவிட்டது.

என் போன் அதிர்ந்தது. செல்வின் உங்களை ஆட்டத்துக்கு அழைக்கிறார், சம்மதமா? தொட்டால் போதும். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு நிமிடம் காத்திருந்தான், பிறகு இணைப்பு போய்விட்டது, அப்புறம் எந்த எண்ணிலும் அவன் வரவில்லை.

அந்த லாக்கை நான் அழிக்கவில்லை. கடைசி வரியில் என் பெயர் இருக்கிறது, பக்கத்தில் சர்வர் எழுதியது: பதில் தரவில்லை.