கிளச் இல்லாத காரும் ஜமீல் பாய் போட்ட சீட்டும்

பழைய கார் வேலையில் இன்ஜின் நம் பேச்சைக் கேட்கும், கார்பரேட்டர் கெஞ்சினால் கேட்கும், சொந்தக்காரர் மட்டும் கேட்கவே மாட்டார். ஓடாத வண்டியொன்றைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் திறந்து பார்த்துப் பெருமூச்சு விடும் சக பாவிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

ஆம்பூர் பைபாஸ் ஓரமாக என் ஷெட் இருக்கிறது. பாதி வேலை பழைய கார்களை ஓட வைப்பது, மீதி வேலை அவற்றுக்கு மதிப்புப் போடுவது. இன்ஷூரன்ஸ், விற்பனை, பாகப்பிரிவினை எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். எட்வின் போட்ட மதிப்பு என்றால் வேலூர் வரைக்கும் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து காட்டலாம்.

பாதி ஆட்டோமேட்டிக்

ஜமீல் பாய்க்கு ஆம்பூரில் தோல் ஃபேக்டரி. அவருடைய அப்பா காலத்து இங்கிலீஷ் கார் ஒன்று, கரும்பச்சை நிறம், லாரியில் ஏறி என் ஷெட்டுக்கு வந்தது. உள்ளே எட்டிப் பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்தது. பாதி ஆட்டோமேட்டிக் கியர். ஸ்டீயரிங்குக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு குச்சி இருக்கும். அடுத்து எந்தக் கியர் வேண்டுமோ அதை முன்கூட்டியே அதில் சொல்லி வைத்துவிடலாம். அப்போது ஒன்றும் நடக்காது. வேண்டிய நேரத்தில் இடது கால் பெடலை ஒரு மிதி மிதித்து விட்டால், சொல்லி வைத்த கியர் தானாக விழும். கிளச் என்பதே கிடையாது, அதன் இடத்தில் எண்ணெய் நிரம்பிய ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

பாயின் தங்கை நஸீமா டீச்சர் பெங்களூரில் இருக்கிறார். வீடும் ஃபேக்டரியும் பிரித்தாகிவிட்டது. கார் மட்டும் இருவருக்கும் சமம் என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். வண்டியைச் சரி செய்து நான் மதிப்புப் போட வேண்டும், அதில் பாதியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு பாய் காரை வைத்துக்கொள்ளலாம். அவரால் முடியாவிட்டால் பெங்களூரில் பழைய கார் வியாபாரி ஒருவர் காத்திருந்தார், அவருக்குப் போய்விடும். டீச்சர் வீடு கட்டிக்கொண்டிருந்தார், விட்டுக்கொடுக்கிற நிலையில் அவரும் இல்லை. பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பார்த்துப் போடச் சொல்லப் போகிறார் என்று தெரிந்து, “பாய், மதிப்புல மட்டும் யாரு மூஞ்சியும் பாக்க மாட்டேன்” என்று முந்திக்கொண்டேன். அவர் பேனட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“பாக்க வேணாம் எட்வின். ஆனா இது என் வீட்டு வாசல தாண்டிப் போச்சுன்னா எனக்குச் சோறு எறங்காது, அத்த மட்டும் தெரிஞ்சு வச்சிக்குங்க.”

தயாளனின் முட்டி

இந்தக் கியரில் ஒரு வில்லங்கம் உண்டு. இடது பெடலை அரைகுறையாக மிதிக்கக் கூடாது. மிதித்தால் அடி வரை மிதிக்க வேண்டும். பாதியில் விட்டால் கியர் சரியாகப் பிடிக்காமல், பெடல் வழக்கத்துக்கு மேலே எகிறி வந்து காலைப் பதம் பார்க்கும். திரும்ப உள்ளே தள்ளுவதற்குள் இடுப்பே கழன்றுவிடும்.

தயாளன் ஜோலார்பேட்டையில் டூரிஸ்ட் வேன் ஓட்டுபவர். என் ஷெட்டுக்கு வந்தால் எந்த வண்டியிலும் ஏறி உட்கார்ந்துவிடுவார். இன்ஜின் ஓட ஆரம்பித்த வாரம் இதிலும் ஏறினார். நான் விவரமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் கேட்கவில்லை. வேன் கிளச்சைத் தொடுகிற மாதிரி நாசூக்காகப் பெடலைத் தொட்டார். அது எகிறி அவர் முட்டியில் வைத்த சத்தம் எனக்கு இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இறங்கி நொண்டியபடி காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். முட்டியில் ஐஸ் கட்டியை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார்:

“கல்யாணமாகி இத்தினி வருசத்துல எம் பொண்டாட்டி கூட இப்டி ஒதைச்சதில்லண்ணே.”

எருமை காப்பாற்றியது

கியர்பாக்ஸின் பின்பக்கத்தில் எண்ணெய் ஒழுகியது. சென்னையில் இருந்து வாங்கிய ரப்பர் சீல் எதுவும் அளவுக்கு வரவில்லை. பிரித்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அந்தக் காலத்தில் அங்கே போட்டிருந்தது தோல் வளையம். தோலுக்கு நான் எங்கே போவேன் என்று கவலைப்பட வேண்டிய ஊரிலா இருக்கிறேன்? பாய்க்கு போன் போட்டேன். அரை மணியில் வந்துவிட்டார், கையில் வெண்ணெய் மாதிரி ஓர் ஆட்டுத்தோல். வெளிநாட்டு லேடீஸ் ஷூவுக்குப் போகிற சரக்கு என்றார்.

“பாய், இது ஷூவுக்கு நல்லாருக்கும். இங்க சூடும் எண்ணெயும் சேந்து ஒரே நாள்ல துணியாக்கிடும். மரப்பட்டையில பதம் போட்ட எருமைத் தோல் குடுங்க, முரடா, தடியா” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒரு தோல்காரரிடம் போய் உன் ஒசத்தியான சரக்கு வேண்டாம், மட்டமானதைக் கொடு என்றால் வேறென்ன ஆகும்? நான் பிடிவாதம் பிடித்ததால், பேரணாம்பட்டுப் பக்கம் செருப்பு சோலுக்குத் தோல் பதம் போடும் உறவினரிடம் ஆள் அனுப்பி வரவழைத்தார். வெட்டி, சூடான கொழுப்பில் ஊறப்போட்டு, மாட்டினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாய் காருக்குக் கீழே அட்டையைப் பரப்பி அவரே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“லண்டன்காரன் வுட்ட ஓட்டைய நம்ம எருமை அடைச்சிருச்சு பாருங்க.”

கிறிஸ்துமஸ் வாரத்தில் நடந்தது

அந்தக் காரின் சீட்டுகள் ஒரிஜினல். தோல் வெளிறி, அங்கங்கே வெடித்திருந்தது, ஆனால் தையல் ஒன்றும் விடவில்லை. பழைய காரில் இதற்குத்தான் விலை. வெடித்த தோலைத் துடைத்து, எண்ணெய் ஊட்டி, இருக்கிற மாதிரியே வைத்தால் வாங்குகிறவன் கண்ணில் ஒற்றிக்கொள்வான். பெயின்ட் அடிக்கிற வரைக்கும் தூசி படாமல் இருக்கட்டும் என்று சீட்டுகளைக் கழற்றி பாய் வீட்டில் கொடுத்தேன். வெயிலில் வைக்க வேண்டாம் என்று சொன்னேன், ஈரத்தில் வைக்க வேண்டாம் என்று சொன்னேன். உரித்துப்போட வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

கிறிஸ்துமஸுக்கு ஷெட்டைப் பூட்டிவிட்டு குடும்பத்தோடு ஊருக்குப் போய்த் திரும்பினால், சீட்டுகள் வாசலில் பளபளவென்று நிற்கின்றன. பாய் பழைய தோலை உரித்தெடுத்துவிட்டு, தன் ஃபேக்டரியின் முதல்தர செர்ரி பிரவுன் தோலைப் போட்டு, ஷூவுக்குக் கொடுக்கிற பாலிஷையும் கொடுத்திருந்தார். எனக்கு ஆனந்த அதிர்ச்சி கொடுக்கிறாராம். பழைய தோல் எங்கே என்றேன். கழிவோடு கழிவாக வண்டியேறிவிட்டது என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினேன், முதலாளி என்றுகூடப் பார்க்கவில்லை. அவருக்கு நான் ஏன் திட்டுகிறேன் என்பதே புரியவில்லை. நிஜமாகவே மனம் நொந்துபோய்க் கேட்டார்:

“உலகத்துக்கே நாங்க தோல் குடுக்கறோம், எங்க வண்டில வெடிச்ச தோல்ல உக்காருன்னா இன்னா நாயம் எட்வின்?”

பெங்களூர்க்காரர்

வியாபாரி ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் சின்ன டார்ச். ஆள் விஷயம் தெரிந்தவர், அதை நான் மறுக்கவில்லை. சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், கியர்க் குச்சியை ஒவ்வொரு இடத்திலும் தட்டிப் பார்த்தார், பெடலை அடி வரை மிதித்தார். முகத்தில் ஆசை ஏறிக்கொண்டே வந்தது. கடைசியாகப் பின்கதவைத் திறந்தார். டார்ச் அணைந்தது.

குனிந்து சீட்டை மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், நான்தான் செய்தேன் என்று நினைத்துவிட்டார். காட்டிக்கொடுக்க மனமில்லாமல் நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வண்டி அவருக்கு இன்னும் வேண்டும்தான், ஆனால் முன்பு பேசிய விலைக்கு இல்லை என்று சொன்னார். கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார்:

“இதுக்கு லேஸ் கட்டணுமா சார், இல்ல அப்படியே மாட்டிக்கலாமா?”

ஏலகிரி

வேலை முடிந்ததும் மலையேற்றிப் பார்க்காமல் நான் எந்த வண்டிக்கும் மதிப்புப் போடுவதில்லை. நஸீமா டீச்சரும் வந்திருந்தார். அடிவாரத்தில் நான் சாவியோடு ஏறப்போனபோது, “நகருங்க எட்வின், நான் ஓட்டறேன்” என்றார். எனக்குத் தயாளன் முட்டி ஞாபகம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அவர் சீட்டில் உட்கார்ந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, பெடலை அடி வரை மிதித்து, முதல் கியரில் பூ மாதிரி வண்டியை எடுத்துவிட்டார். கல்லூரிக்குப் போகிற வயதில் அப்பா அவருக்கு இந்தக் காரில்தான் கற்றுக்கொடுத்தாராம்.

ஏலகிரிக் கொண்டை ஊசி வளைவுகளுக்கென்றே செய்தது இந்தக் கியர். வளைவு வருமுன் குச்சியை இரண்டில் வைத்துவிடுவார். வளைவில் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், கால் மட்டும் ஒரு மிதி. எதிரே பஸ் வந்தபோதும் அவர் அசரவில்லை. பாய் முன்னாலும் நான் பின்னாலும் உட்கார்ந்திருந்தோம். அந்த ஷூ பாலிஷ் சீட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் நான் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு வழுக்கிக்கொண்டு போனேன். அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை மாத உழைப்பு ஒரு முனகல் இல்லாமல் மலையேறுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மேலே ஏரிக்கரையில் நிறுத்தியதும் அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

“இது பெங்களூர்க்காரன் குடோன்ல நிக்கறத நெனச்சாலே பேஜாரா இருக்கு எட்வின், ஆனா என் வீட்டு மேல்தளம் பாதியில நிக்குதே.”

மதிப்பு

பாய் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கணக்கைச் சொன்னேன். இன்ஜின் முழு மார்க். கியர்பாக்ஸ் முழு மார்க், இந்தப் பக்கத்தில் இப்படி ஓடுகிற இன்னொன்றை நான் பார்த்ததில்லை. சீட் ஒரிஜினல் இல்லை, அதற்காகப் பெரிய கழிவு. ஒளிக்கவில்லை, பழைய சீட் இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். அந்தத் தொகையில் பாதி கொடுக்க பாய் கையிலிருந்த பணம் போதியிருக்காது, கார் பெங்களூர் போயிருக்கும். கழிவு போக வந்த தொகையில் பாதி, அவர் கையிலிருந்ததற்குள் சரியாக அடங்கியது. அதாவது அவர் செய்த தப்பே அவருக்குக் காரைக் காப்பாற்றிக் கொடுத்தது, நஷ்டம் முழுக்கத் தங்கைக்கு. அது எனக்கு உறுத்தியது. ஆனால் நான் போடுவது வண்டியின் மதிப்பு, யார் தப்பு என்கிற தீர்ப்பு இல்லை.

டீச்சர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, “சரி பாய்ஜான், வண்டி வீட்லயே இருக்கட்டும்” என்றார். மேல்தளம் என்ன ஆகும் என்று நான் யோசித்தேன். பாய் சந்தோஷப்படுவார் என்று திரும்பினால், அவர் முகம் இருண்டு கிடந்தது. சீட் என்று எழுதிய வரியில் விரலை வைத்து, “இத்த மாத்துங்க” என்றார். மாத்தினால் கார் உங்களுக்குக் கிடைக்காது பாய் என்றேன். “கிடைக்கறது கிடைக்காதது வேற. என் தோலுக்குக் கழிவா? ஏத்திப் போடுங்க” என்றார். நான் எழுதியதை மாற்றுவதில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பாய் எழுந்து ஜன்னலுக்குப் போய், வாசலில் நின்ற தன் புத்தம்புது ஆட்டோமேட்டிக் காரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் தணிந்திருந்தது:

“உங்க பேப்பர்ல கம்மியாவே இருக்கட்டும். அந்தப் புது வண்டிய வித்து, பழைய சீட்டு இருந்திருந்தா வண்டிக்கு வந்திருக்கற விலையில பாதிய நஸீமாவுக்குக் குடுத்துடறேன். ஜமீல் தோல் போட்டதால ஒரு வண்டி விலை எறங்கிச்சுன்னு ஆம்பூர்ல எவனும் பேசக்கூடாது.”

வாங்குகிறவர்கள் எல்லோரும் மதிப்பைக் குறைக்கச் சொல்லி என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள், ஏற்றச் சொல்லிச் சண்டை போட்டுத் தன் வீட்டுக் காரையே கூடுதல் விலைக்கு வாங்கிய ஆளை மட்டும் இந்தத் தோல் ஊரில்தான் பார்த்தேன்.