புதன்கிழமை இருமல்

அவரை எல்லோரும் புதன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஊரின் அலுவலகங்களுக்கும் மருத்துவமனைக்கும் இணையமும் தொலைபேசியும் தரும் சின்ன நிறுவனம் எங்களுடையது. அவர் நெட்வொர்க் அறையில், நான் புகார் மேசையில். ஆகவே அவர் செய்த வினைக்கெல்லாம் திட்டு வாங்கியது நான்.

எங்களுக்கு இரண்டு பாதைகள். ஒன்று பெரிய சாலைக்கு அடியில் நேராகப் போகும் கேபிள். மற்றது குன்றைச் சுற்றி ஏழு நிலையங்கள் வழியாக வரும் ஒடுங்கிய பாதை. நேர்பாதை பழுதானால் மட்டும் உதவ வேண்டியது. புதன்தோறும் காலை பதினொரு மணிக்கு அண்ணன் நேர்பாதையின் கேபிளைத் தன் கையாலேயே பிடுங்குவார். மொத்தப் பாரமும் சுற்றுப்பாதை மேல் விழும். குருவி தலையில் பனங்காய்தான். பத்து நிமிடம் ஊர் முழுக்கக் குரல் விட்டுவிட்டு வரும். வாடிக்கையாளர்கள் அதற்குப் புதன்கிழமை இருமல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஏண்ணே, நல்லா ஓடுறதை ஏன் நோண்டுறீங்க?"

"நடக்காத பாதையில புல் மொளைச்சிடும் தங்கச்சி."

பதில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் என் காது புண்ணாகிப் போயிருந்ததே! புதன் சோதனையை நிறுத்தினால் குரல் தரம் நூற்றுக்கு நூறு என்று வரைபடம் போட்டு மேலாளருக்கு அறிக்கை கொடுத்தேன். அவர் உடனே நிறுத்தச் சொன்னார். ஐந்து மாதம் நூற்றுக்கு நூறு. நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். அண்ணன் மட்டும் புதன் பதினொன்றானால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

அப்போதுதான் வெளியூரில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. மறுநாள் கிளம்ப எனக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். திடீரென்று அன்றைக்கே செய்கிறோம் என்றார்கள். உள்ளே போகுமுன் அம்மா என் மேசைக்குப் போன் செய்தாள். "இந்தா பாரு, பீரோ மேல் தட்டுல..." அவ்வளவுதான். சாலை தோண்டியவர்கள் எங்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். சுற்றுப்பாதை கை கொடுக்கவில்லை. மூன்றாம் நிலையத்தில் யாரோ எங்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேசை விசிறியைச் சொருகியிருந்தார்கள். எத்தனை மாதமாகவோ! ஒரே ஒரு புதன் இருமியிருந்தால் தெரிந்திருக்கும்.

இணைப்பு வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவள் திரும்பவில்லை.

மேல் தட்டில் பழைய போர்வைகள்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்துவிட்டேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், என்னைச் சுட்டது. அண்ணன் ஒருநாள்கூட "அப்பவே சொன்னேனே" என்று சொல்லிக் காட்டவில்லை. துக்க வீட்டுக்கு வந்து நாற்காலிகளை எடுத்துப் போட்டார். நான் வேலைக்குத் திரும்பிய முதல் புதன் என் மேசை அருகே வந்து நின்றார்.

"பதினொண்ணு ஆச்சு. பிடுங்கட்டுமா?"

"பிடுங்குங்கண்ணே."

அப்புறம் எட்டு வருடம் நான் சந்தோஷமாகத் திட்டு வாங்கினேன். அண்ணன் ஓய்வு பெற்றபின் தன் வீட்டுக்கு எங்கள் இணைப்பையே வாங்கிக்கொண்டு, புதன் பதினொன்றுக்கு எனக்குப் போன் செய்வார். அரை அரை வார்த்தையாக வீட்டுக் கதை பேசுவோம். அந்தப் பத்து நிமிடத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

சென்ற புதன் அவர் குரல் துல்லியமாக வந்தது.

"தங்கச்சி, இருமல் இல்லையே..."

"வைக்காதீங்கண்ணே!" ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு நெட்வொர்க் அறைக்கு ஓடினேன். முக்கியமான வாடிக்கையாளர் கூட்டத்தில் இருக்கிறார், இந்த வாரம் வேண்டாமே என்று விட்டேன் என்றார் புதிய பொறியாளர். கேபிளை நானே பிடுங்கினேன்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்து ரிசீவரை எடுத்தேன்.

"வந்... வந்துடுச்... தங்கச்..."

அம்மா போன பிறகு அலுவலகத்தில் நான் அழுதது அன்றைக்குத்தான். பத்து நிமிடமும் அவரை நான் வைக்க விடவில்லை.