சிவப்பு மையில் திருத்திய ராஜினாமா

குவாபாரா சுமியே என்ற அம்மா என் ஜன்னலுக்கு வந்தது, வேலை இழந்தோர் உதவித்தொகை இப்போதைக்குக் கிடையாது என்று நான் அனுப்பிய கடிதத்துக்கு நன்றி சொல்ல. ஜப்பானில், ஃபுக்குயி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். திட்டியவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு. நன்றி சொன்னவர் இவர் ஒருவர்தான்.

மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருடம் மெருகு போட்டவர். ராஜினாமாவில் "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். இங்கே எல்லோரும் யோசிக்காமல் எழுதுகிற வரி அது. தானாக விலகியவருக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் பணம். இவர் வீட்டு அரிசி அதுவரை தாங்காது.

"ஏன் விலகினீங்க?"

"மெருகுப் பிரிவையே மூடிட்டாங்க சார்."

"அதை எழுத வேண்டியதுதானே?"

"எழுதினேனே. தொகுனாகா மேனேஜர்தான் திருத்திக் குடுத்தாரு. ரொம்ப நல்ல மனுஷன்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதைப் பார்த்துத்தான் நல்ல பிரதி எழுதிக் கொடுத்தாராம். "பிரிவு மூடப்படுவதால்" என்பதன் மேல் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. பக்கத்தில் அழகான எழுத்தில் "சொந்தக் காரணங்களால்". ஓரத்தில் மேனேஜரின் முத்திரை. எதைத் திருத்தினாலும் முத்திரை குத்துவது எங்கள் வழக்கம். ஏமாற்று வேலையைக்கூட மனுஷன் முறைப்படி செய்திருந்தார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் மரியாதையும் வந்தது.

"முடிவை மாத்தச் சொல்லி மனு போடுங்க. இந்தத் தாளை இணைச்சா போதும்."

"ஐயோ, அவருக்குத் தொந்தரவு ஆகுமே!"

"ரெண்டு மாசம் என்ன சாப்பிடுவீங்க? அவரோட நல்ல மனசையா?"

மனுவை எழுதினார். நான் மேனேஜரை வரவழைத்துத் தாளைக் காட்டினேன்.

"இது உங்க முத்திரையா?"

"என்னோடதுதான். ஏன், நேரா விழலையா?"

பத்தே நாளில் முடிவு மாறியது. சுமியேவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நீங்களா விலகலை, கம்பெனிதான் அனுப்பியிருக்குன்னு முடிவாயிடுச்சு. இனிக் காத்திருக்க வேணாம். அடுத்த வாரமே பணம் வந்துரும்."

புது முடிவு அச்சிட்ட தாளை இரு கையாலும் வாங்கிப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"நானாத்தான் விட்டுக்குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் சார். வீட்லயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். அப்போ, என்னை வேணாம்னுதான் அனுப்பினாங்களா?"

தாளில் அப்படித்தான் இருந்தது. "ஆமா" என்றேன்.

நின்ற இடத்திலேயே அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது. வரிசையில் அடுத்த டோக்கன் எண்ணை நான் கூப்பிடவில்லை.